தோழி அளந்துவந்த இடைவெளி

எம்.எஸ்ஸி. படிக்கும்போது விழுப்புரம் ஜங்ஷனில் ஒரே ரயிலேறி சென்னைக்குப் போனவர்கள் நானும் என் தோழியும். மார்க்கில் நான்தான் முன்னால் இருந்தேன். ஆராய்ச்சிக்கு வெளிநாடு போனது அவள். எனக்குக் கல்யாணமாகி, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தாள். விடுமுறை முடிந்து வகுப்புகள் தொடங்கியதும் எங்கள் கல்லூரி முதல்வர் அவளைப் பேச அழைத்தார். அவள் தன் ஆராய்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாள்; பிள்ளைகள் மலங்க மலங்க விழித்தார்கள். முதல்வர் என் பக்கம் சாய்ந்து, "மேடம், நீங்க கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்றார்.

எழுந்து சொன்னேன். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் சுற்றும் இடத்தில் எதிர்ப்புரோட்டானை, அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு புரோட்டானை, சுற்றவிடுகிறார்கள். அது எலக்ட்ரானைவிடப் பல மடங்கு கனம் என்பதால் கருவை ஒட்டியே சுற்றும். படிப்படியாக இறங்கும்; இறங்கும்போது எக்ஸ் கதிர் வரும். மின்விசை மட்டும் இருந்தால் அந்தக் கதிருக்கு எவ்வளவு ஆற்றல் என்று தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் கடைசிப் படியில், மிக நெருக்கத்தில் மட்டுமே வேலைசெய்யும் கருவின் வலுவிசையும் கைவைக்கிறது. அதனால் கதிரின் கோடு கணக்குப் போட்ட இடத்தில் இல்லாமல் நகர்ந்து, அகன்று தெரிகிறது. அந்த நகர்வைத்தான் இவர்கள் அளக்கிறார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அதுக்கு முன்னாடியே கரு அதை முழுங்கிடுச்சுன்னா, கதிரே வராதே மேடம்?"

பதில் சொல்லத் தோழி தமிழுக்கு மாறினாள். "முக்காவாசி அப்படித்தான் போயிடும்மா. தப்பிச்சி வர்ற கொஞ்சத்துக்காக நாங்க வாரக்கணக்குல காத்துக்கினு இருப்போம்."

நான் இல்லாத அந்த 'நாங்க' என்னைச் சுட்டது. அவளுடைய விமானப் பயணத்தையும் கம்பளிக் கோட்டையும் எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன். இதைப் பொறுக்க முடியவில்லை. அவள் விரலில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் பட்டதாம். அந்தத் தழும்பின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டாள். "என்னாடி, ஒரு மாதிரியா இருக்கே?"

"உம்மேல வயிறெரியுது," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த வரைபடத் தாளை எடுத்து என் கையில் வைத்தாள். எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று அதில் வரைந்திருந்தது. "எங்க ஸ்பெக்ட்ரம்டி. கதிரோட ஆற்றலை நீயே கணக்குப் போட்டுப் பாரு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து, மின்விசை மட்டும் இருந்தால் கதிருக்கு வரவேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டு, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அவர்கள் அளந்த முகடு அதிலிருந்து தள்ளி நின்றது. "சோறு ஆறிக்கினு இருக்கு" என்று கணவர் கூப்பிட்டார். நான் ஸ்கேலை வைத்து அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலுவிசை எனக்கு அதுவரை பாடப்புத்தகத்தில் ஒரு வரி. இப்போது என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் கிடந்தது.

பொறாமை அன்றோடு தீரவில்லை. எதை இழந்தேன் என்று தெரிந்ததும் கூடிப்போயிற்று. அடுத்த ஆண்டு பகுதிநேர ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தேன். பக்கத்தில் அணுக்கரு இயற்பியலுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி யாருமில்லை. படிக வளர்ப்புதான் கிடைத்தது. கண்ணாடிக் குவளையில் உப்புக் கரைசலை ஆடாமல் வைத்துவிட்டு, வாரக்கணக்கில் நானும் காத்திருந்தேன். கண்ணாடிபோலத் தெளிவாக வரவேண்டிய முதல் படிகம் கலங்கலாக வந்தது.