இருபத்து மூன்று வீட்டுப் பிச்சை

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது என் தையல் கடை. ஒரு மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஆள் உயரக் கண்ணாடி, அவ்வளவுதான். ஜாக்கெட் தைத்தது போக மிஞ்சும் துணிக்குப் பிட்டு என்று பெயர். கேட்கிறவர்களுக்குப் பிட்டைக் கொடுத்துவிடுவேன். கேட்காதவர்களுடையது என் மூட்டைக்குள் போகும். இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து நாள் தள்ளிப்போனது. அவள் ஃபோனில் சொன்னபோது நான் ஒரு ஜாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். துணிக்குச் சொந்தக்காரி வந்து சத்தம் போட்டபோதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. புதுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே பிட்டு மூட்டையைத் தரையில் கொட்டினேன்.

வரப்போகும் பிள்ளைக்கு ஒரு போர்வை. அடியில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி, நடுவில் பழைய நூல் சேலை, மேலே பிட்டுகள். பிட்டு எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தது. ஆறு மாதம் கடை வேலைக்கு நடுவே தைத்தேன். நட்ட நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச் சதுரம் வைத்தேன். அது யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் வளைகாப்பு முடிந்து அக்கா என் வீட்டுக்குத்தான் வந்தாள். வந்த அன்றே போர்வையை விரித்து அதன் மேல் படுத்துக்கொண்டு, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஒட்டுப் போர்வை என்றால் ஒட்டடை மாதிரி இருக்கிறதாம். பிட்டு மெத்தை என்றால் சாப்பிடத் தோன்றுகிறதாம். கதம்பம் என்று அவளே ஒன்று வைத்தாள், பூக்கட்டுகிறவள் சண்டைக்கு வருவாள் என்றேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, டெய்லர் செய்த பாவம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை பிறந்ததும் முதலில் இதில்தான் வாங்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வேறு துணி எதுவும் எடுக்காதே என்று சொல்லிவிட்டாள். அவள் வாயிலிருந்து இது வேண்டும் என்று ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. எப்படியும் அதை நடத்திவிடுவது என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அக்காவின் மாமியார் இருக்கிறாரே. திருவேங்கடத்திலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். பானை மூடியைத் திறந்து பார்ப்பார், கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். அவ சாப்பிட்டாளா, அவ தூங்குனாளா என்று என்னிடம் கேட்பார். ஒன்பது வருடமும் அக்கா அவருக்கு 'அவ'தான். மூன்றாம் நாளே போர்வை அவர் கையில் சிக்கிவிட்டது.

"இது புதுசாட்டி, பழசாட்டி?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சட்டம் இருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று புதிதாக ஒரு நூல்கூட வீட்டுக்குள் வரக் கூடாது. ஒன்பது வருடம் காத்திருந்த வீட்டில் இதை மீற யாருக்குத் தைரியம் வரும்? எனக்கும் பயம்தான். அதனால் பழசு என்றேன். அவர் கட்டைவிரலால் ஒரு சதுரத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, கஞ்சிப்பசைகூடப் போகவில்லையே என்றார். உடனே நான் மாற்றி, எல்லாம் ஜாக்கெட் வெட்டிய மிச்சம் என்றேன். மிச்சம் மீதியைப் போர்த்துவதற்கா எங்கள் பிள்ளை ஒன்பது வருடம் கழித்து வருகிறது, இந்தக் கந்தையை மூட்டை கட்டு என்று சொல்லிவிட்டார். அக்காவின் முகம் சட்டென்று வாடியது. எனக்குக் கோபத்தில் காது சுட்டது. ஆனாலும் சொல்வதற்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அக்காதான் சொன்னாள். "பிச்சை, அத்தை, இது. புதுசும் இல்ல, பழசும் இல்ல."

அத்தை போர்வையைக் கீழே வைத்தார். எங்கள் பக்கத்தில் தவமிருந்து பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்றே பெயர் வைப்பார்கள், கண் படாது என்று. பல வீட்டில் கேட்டு வாங்கியதை அந்தப் பிள்ளைக்கு உடுத்துவதும் உண்டு. பிச்சையில் புதுசென்ன, பழசென்ன. நான் அக்காவைக் கட்டிக்கொள்ளப் போனேன். அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"பிச்சைன்னா கேட்டு வாங்கணும்லா. நீ யார்ட்டட்டி கேட்ட?"

நாளைக்குத் தருகிறேன், ஹெம்மிங் மட்டும்தான் பாக்கி என்று தினமும் கூசாமல் பொய் சொல்கிறவள் நான். அன்றைக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் வேறு, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு வா, ஒரு வீடு விட்டுப்போனாலும் இது ஆஸ்பத்திரிக்கு வராது என்று சொல்லிவிட்டு அத்தை பஸ் ஏறிவிட்டார்.

எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று வீடு. போர்வையைச் சுருட்டி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். உலகத்திலேயே திருடிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் வீட்டில், அதான் என் ஜாக்கெட் கை குட்டையா இருந்ததா என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே தந்தோம் என்றார்கள். ஒரு டீச்சர் தன் மாம்பழக் கலர் ஓரத்தில் கிடப்பதைப் பார்த்து, அதை உள்ளே தள்ளித் தைத்தால்தான் தருவேன் என்றார். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பச்சைச் சதுரம் யாருடையது என்று மல்லுக்கு நின்றார்கள். நான் பேசாமல் இருவரிடமும் வாங்கிக்கொண்டேன். ஏழெட்டு வீடு ஆனதும் செய்தி எனக்கு முன்னால் ஓடியது. கதவைத் தட்டும் முன்பே, என் பிட்டு எதுட்டி, காட்டு என்றார்கள். இரண்டு நாள் தலைகால் புரியாமல் சுற்றினேன்.

இருபத்திரண்டு வீடு முடிந்தது. மிச்சம் கத்தரிப்பூப் பட்டு.

அது எங்கள் தெருவின் கடைசி வீட்டு மயினியுடையது; உறவில்லை, தெருவே அவரை மயினி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். மூன்று வருடத்துக்கு முன் அவர் மருமகளுக்கு வளைகாப்பு. என் வீட்டுக்கு வந்திருந்த அக்கா விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு முன்னால் போனபோது, நீ இரும்மா, பிறகு போடலாம் என்று எல்லார் முன்னாலும் நிறுத்திவிட்டார். அந்தப் பிறகு வரவே இல்லை. அக்கா காய்ந்த சந்தனத்தோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் அதே மயினி கத்தரிப்பூப் பட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். வேண்டுமென்றே இறுக்கமாகப் பிடித்துத் தைத்தேன். பிட்டையும் தாராளமாக எடுத்துக்கொண்டேன். அந்த வாசலில் போய் நான் கையேந்துவதா? சதுரத்தைப் பிரித்து எறிந்துவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன்.

அக்கா கத்தரியை வாங்கி வைத்துவிட்டு, நான் வருகிறேன் என்றாள். எட்டு மாத வயிற்றோடு தெருக்கோடி வரை நடந்தாள். மயினி கதவைத் திறந்ததும் ஒன்றும் விளக்காமல் முந்தானையை விரித்து ஏந்தினாள். மயினி அவள் வயிற்றைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

மயினி திரும்பி வந்தபோது கையில் அந்த ஜாக்கெட் இருந்தது. மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

"இதையும் சேத்துக்கோ. ஒரு நாளும் எனக்குப் பத்தல. அன்னைக்கு உன்னைய நிக்க வச்சிருக்கக் கூடாதும்மா, அதான் எனக்குப் பத்தாமலே போச்சு போல."

அக்காவின் முந்தானையில் ஜாக்கெட் விழுந்தது. பத்தாமல் போனதற்குக் காரணம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய்தான் என்னைக் கேட்காதே. வேண்டுமென்றே பிடித்துத் தைத்தேன் மயினி, உள்ளே நாலு விரல் துணி விட்டிருக்கிறேன், பிரித்தால் பத்தும் என்று உளறிவிட்டேன். மயினி என்னை முறைத்தார். அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு மயினி சிரித்தார், நானும் சிரித்தேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, போதும் போதும், இங்கனயே பிறந்துரும் என்று கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கதவைத் திறந்து, பிள்ளையைப் பிடிக்கத் துணி கொடுங்கள் என்றார். எனக்கு முன்னால் அத்தை எழுந்து, எப்போது எடுத்து வைத்தாரோ, தன் பைக்குள்ளிருந்து போர்வையை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்னது என்று நர்ஸம்மா கேட்டார்.

"பிச்சைம்மா. இருபத்து மூணு வீட்டுப் பிச்சை," என்றார் அத்தை. "என் மருமக கேட்டு வாங்குனது."

இருபத்திரண்டு வீட்டில் கேட்டவள் நான்தான், ஆனாலும் 'அவ' போய் 'மருமக' வந்த அந்தப் பேச்சை நான் திருத்தவில்லை. கதவு பாதி திறந்துதான் இருந்தது. உள்ளே அக்காவுக்கும் கேட்டிருக்கிறது.