பூஜ்யம் கேபி

நான் படித்தது ஏழாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நானே ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதியிருக்கிறேன், பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில். புதுப்பட்டினம் கடைத்தெருவில் இப்படி எழுதியவன் இன்னொருத்தன் இருந்தால் வரச் சொல்லுங்கள், டீ வாங்கித் தருகிறேன். மாமல்லபுரம் வரைக்கும் தேடினாலும் ஆள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

குப்பத்தில் பிறந்தும் எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் அப்பா என்னைச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சேர்த்துவிட்டார். ரேடியோ, டேப் ரிக்கார்டர், டிவி, செல்போன் என்று காலத்துக்குக் காலம் எது மேசைக்கு வந்ததோ அதைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் வந்தது, அதையும் திறந்தேன். விஷயம் பலகையில் இல்லை, அதற்குள் ஓடும் எழுத்தில் இருக்கிறது என்று சீக்கிரமே புரிந்துபோயிற்று. இங்கிலீஷ் எனக்குப் பேச வராது. ஆனால் பைத்தானில் இருக்கிற இங்கிலீஷ் கொஞ்சம்தானே! அது போதும்.

இப்போது என் கடைக்கு அதிகம் வருவது ஜிபிஎஸ் செட்டுகள். ஃபைபர் போட்டுக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி. கடலுக்கு அடியில் பாறை இருக்கிற இடத்தை இங்கே 'பாரு' என்பார்கள். மீன் அங்கேதான் நிற்கும். எந்தப் பாரு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெட்டியில் புள்ளி புள்ளியாகக் குறித்து வைத்திருப்பார்கள். அந்தப் பாயிண்டுகளை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் காட்டாது. பக்கத்தில் வேறு போட் வந்தால் செட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். ரிப்பேருக்குக் கொடுத்தாலும் கடையில் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். நான் ஸ்க்ரூவைக் கழற்றுவதிலிருந்து திரும்ப முடுக்கும் வரை எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், அவனும் அப்படித்தான் உட்கார்ந்தான். அவன் கொண்டு வந்தது மாமனாரின் செட். மாமனார் போன பிறகு போட்டும் செட்டும் அவனுக்கு வந்தன. செட்டின் திரை செத்துவிட்டது, உள்ளே பாயிண்டுகள் மட்டும் உயிரோடு இருந்தன.

"மாமா, எங்கப்பா பாயிண்டு பூரா இதுலதான் கீது. போச்சின்னா நான் கடலுக்குப் போயி இன்னா பண்றது? படூர்ல அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்டுகினே கீறாங்க. இந்த சீசனும் பாடு இல்லன்னா அதுக்குத்தான் போவணும்."

பாடு என்றால் வலையிலோ தூண்டிலிலோ கிடைப்பது. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு சீசனாக டீசல் செலவுக்கே தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"நான் இருக்கும்போது இன்னாடா பேஜாரு? உக்காரு," என்றேன்.

செட்டிலிருந்து பாயிண்டுகளை எடுத்தது பெரிய வேலை இல்லை. அதை எப்படி அவன் கையில் கொடுப்பது என்பதுதான் வேலை. சும்மா பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் எவன் வேண்டுமானாலும் காப்பி அடித்துக்கொள்வான். புதிதாக ஒரு ஆப் எழுதினால் இவன் கற்றுக்கொள்ள மாட்டான். ஃபோல்டரைத் தொட்டால் திறக்கும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். ஆகவே ஃபோல்டரையே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டரில் ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல்கள் தெரிகின்றன. அவை டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. உள்ளே இருக்கும் பெரிய மேஸ்திரியைக் கெர்னல் என்பார்கள். அவர் மூன்றே கேள்விதான் கேட்பார். இந்த ஃபோல்டரில் என்னென்ன பெயர் இருக்கிறது? ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு? உள்ளே என்ன எழுதியிருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு புரோகிராம் இருந்தால் போதும், ஃபோல்டர் இருப்பதாக அவர் நம்பிவிடுவார். நான் எழுதியது அந்தப் புரோகிராம். என் கடைக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டால் ஃபோல்டர் தோன்றும், மூடினால் மறைந்துவிடும். டிஸ்க்கில் தேடினால் யாராலும் படிக்க முடியாத ஒரு குப்பை ஃபைல்தான் கிடைக்கும்.

போன் ரிப்பேருக்கு வந்த ஒரு ஐடி பையன் திரையை எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், பைத்தான்ல ஃபைல் சிஸ்டமா? ரொம்ப ஸ்லோவா இருக்குமே, சி-ல எழுதலாமே."

"மீனு இன்னா ராக்கெட்லயா போவுது தம்பி? இந்த வேகம் போதும்."

அவன் சிரித்துவிட்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, ஸ்லோதான். ஆனால் வேலை செய்தது.

அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, எவ்வளவு பெரிசு என்பது, அங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். ஒரு பாயிண்டுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி. அதன் உண்மையான அளவு யாருக்கு வேண்டும்? அந்த இடத்தில் கடைசியாகக் கிடைத்த மீனின் எடையைப் போட்டேன். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கேபி, அதாவது ஒரு கிலோபைட். மிச்ச இடத்தை வெற்றெழுத்தால் நிரப்பிவிட்டேன். மச்சான் கரைக்கு வந்ததும் போனில் சொல்வான், நான் போட்டுவிடுவேன். ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கினால் நல்ல பாரு மேலே வந்துவிடும், மட்டமானது கீழே போய்விடும். எவனுக்குத் தோன்றும் இது?

முதலில் அவனுக்கும் குஷிதான். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான், கோயில் நேர்ப் பாரு, இரட்டைக் கல், அப்பா வைத்த பெயர்கள். புது செட்டில் கேபிள் போட்டு ஃபோல்டரை இழுத்து விட்டால் பாயிண்டுகள் இறங்கிவிடும். "மாமா, நீ இன்னா சாதாரண ஆளா?" என்றான். இல்லைதான்.

சீசன் போகப் போக அவன் போனில் சொல்வது குறைந்துகொண்டே வந்தது. சங்கரா கொஞ்சம், கிழங்கான் கொஞ்சம். பிறகு கொஞ்சமும் இல்லை.

"இன்னாடா இன்னிக்கி?"

"ஒண்ணுமில்ல மாமா."

"எந்தப் பாரு?"

"கோயில் நேரு. சைபர் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் இரட்டைக் கல்லுக்கும் அதையே போட்டேன். இழுவை வலைக்காரன் பாருவை உடைத்துவிட்டான் என்றார்கள். தண்ணீர் சூடாகிவிட்டது என்றார்கள். கரையில் கல் கொட்டியதால் மணல் நகர்ந்து பாருவை மூடிவிட்டது என்றார்கள். குப்பத்தில் ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது, மீன் யாரிடமும் இல்லை.

அப்புறம் ஒருநாள் அவன் செட் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு செட் வாங்கி வந்து, கடையில் கேபிளைப் போட்டு ஃபோல்டரை இழுத்தான். பாதிப் பாயிண்டுகள்தான் இறங்கின. மீதியில் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் ஃபைல். அதுவும் மாமனாருக்கு நல்ல பாடு கொடுத்த பாரு எல்லாம் வெறுமையாக இருந்தது.

அவன் முகம் மாறியது.

"மாமா, எங்கப்பா பாயிண்டு எங்க?"

"இருடா, பாக்கறேன்."

"இன்னா பாக்கற? போன வாரம் கோயில் நேரு மேல தெக்கத்தி போட்டு ஒண்ணு நின்னுகினு இருந்துச்சி. அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சிது? எங்கப்பா செத்தாகூட வாயத் தொறக்காத எடம் அது. உன்னாண்டதான் கீது. வித்துட்டியா?"

எனக்குக் காது சுட்டது. இத்தனை வருஷத்தில் இந்தக் கரையில் யார் பாயிண்டையும் நான் இன்னொருத்தனுக்குக் காட்டியதில்லை. அதைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவன் காதில் வாங்கவில்லை. நேராக என் வீட்டுக்குப் போய் அக்காவிடம் முறையிட்டான்.

மத்தியானம் சோற்றுக்குப் போனபோது அவள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு. என் தம்பி பொயப்புல கைய வெச்சியா?"

"உனக்குமா சந்தேகம்?"

"நீ எல்லாத்துலயும் நான்தான் நான்தான்னு பேசிகினு திரியற ஆளு. எவன்கிட்டயாவது பெருமைக்குக் காட்டிட்டியோன்னுதான் கேக்கறேன்."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கடைக்குத் திரும்பி, கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

குப்பை ஃபைலைத் திறந்து பார்த்தேன். பாயிண்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆக, புரோகிராமிடம் பதில் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதிக் காட்டும்படி செய்து ஓட்டினேன். கோயில் நேர்ப் பாருவைத் தொட்டேன். கெர்னல் பெயர் கேட்டது, எவ்வளவு பெரிசு என்று கேட்டது. உள்ளே என்ன என்ற கேள்வி வரவே இல்லை. திரும்பத் திரும்பத் தொட்டேன். அளவு பூஜ்யம் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது, எதற்குக் கேட்க வேண்டும் என்று கெர்னல் அத்தோடு நிறுத்திவிடுகிறது. மீன் கிடைக்காத பாருவுக்கு எல்லாம் நான்தானே சைபர் போட்டேன்! கெர்னல் செய்தது முறைதான், எனக்கும் அதற்கும் சண்டை ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பெனி வைத்து ஆள் போட்டிருப்பார்கள். நான் ஒரு சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்தேன். சரிசெய்ததும் நான்தான். அளவை நம்பாதே, ஒவ்வொரு தரமும் என்னைக் கேள் என்று சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டதும் எல்லாப் பாயிண்டும் வந்து நின்றது.

மச்சானைக் கூப்பிட்டு விளக்கினேன். கெர்னல், பூஜ்யம், கேள்வி எல்லாம் சொன்னேன். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நெஜமாவே அதே எடந்தானா? நம்பரு மாத்தி வெச்சிருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"போயி பாரு."

"நீயும் வா. வந்து காட்டு."

வந்த வீராப்பில் சரி என்றுவிட்டேன். விடியற்காலையில் அவன் போட்டில் ஏறினேன். அலையைத் தாண்டுவதற்குள்ளாகவே குடித்த டீயைக் கடலுக்குக் கொடுத்தேன். "மாமா, மீனுக்கு நாஸ்தா போடறியா?" என்று கேட்டான். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான்.

செட் காட்டிய வழியில் போனோம். புள்ளி வந்ததும் எஞ்சினை நிறுத்தினான். அவன் அப்பா காட்டிய முறையில் கரையில் தெரியும் அடையாளங்களை வைத்து நேர் பிடித்தான். கோயில் கோபுரம், அதற்கு வடக்கே கல்பாக்கம் புகைப்போக்கி. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தான். எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயிற்று.

"பாத்தியா? நூல் பிடிச்ச மாதிரி வந்து நிக்குது! எவன் எழுதினது?" என்றேன். படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

அவன் தூண்டிலை இறக்கினான். காத்திருந்தோம். இழுத்தான், இரை அப்படியே இருந்தது. இரட்டைக் கல்லுக்குப் போனோம். இடம் சரி, தூண்டில் வெறுமை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு பாருவாகப் போனோம். எங்கேயும் என் புரோகிராம் தப்பவில்லை. கோயில் நேருக்குத் திரும்பும்போது அந்தத் தெற்கத்தி போட் தூரத்தில் நின்றது. மச்சான் துண்டைக்கூட எடுக்கவில்லை. பக்கத்தில் போய் என்ன பாடு என்று கத்திக் கேட்டான். அந்த ஆள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

மச்சான் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டில் கயிற்றைச் சுருட்டினான்.

"நீ வித்திருந்தா நல்லாருந்திருக்கும் மாமா."

"இன்னாடா சொல்ற?"

"நீ திருடி எவனுக்காவது குடுத்துட்டன்னா, மீனு அவனாண்ட கீதுன்னு ஒரு இது இருந்திருக்கும். உன்ன நாலு திட்டு திட்டிட்டு வேற எடம் தேடியிருப்பேன். இப்போ யார்கிட்ட இன்னான்னு கேக்கறது?"

எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், சொல்வாள். அளவுக்குப் பதிலாக வேறு எதையாவது போடலாம், ஆழம் போடலாம், நீரோட்டம் போடலாம் என்று ஏதோ சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். எஞ்சினைப் போட்டான்.

கரையில் ஆட்கள் வந்து போட்டை இழுத்து மணலில் ஏற்றினார்கள். அவன் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சாக்குப் போட்டு மூடினான். மறுநாள் திரும்ப எடுக்கிறவன் மூடுகிற மாதிரி மூடவில்லை, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். செட்டை என் கையில் கொடுத்து, கடையில் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

"நாளைக்கி காலில எட்டு மணிக்கு படூர்ல நிக்கணுமாம். எந்த பஸ்ஸுல போவணும் மாமா?"

எனக்குத் தெரியும். கோவளத்தில் இறங்கி, கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, அங்கிருந்து வேறு பஸ் மாற வேண்டும். சொன்னேன்.