நிலவுக்கு அடிச்ச லேசரும் ஸ்ரௌவ்வில் ஆணியும்

நான் இருபது வருசமா நில அளவை வேலை செய்யிறன். மூண்டு காலில நிக்கிற கருவிக்குப் பின்னால நிண்டு லேசர் அடிக்கிறது என்ர பங்கு. அந்தப் பக்கம் ஒரு ஆள் கம்பு பிடிச்சுக்கொண்டு நிப்பார். கம்பின்ர உச்சியில உள்ளங்கையளவு பிரிசக் கண்ணாடி. வெளிச்சம் அதில பட்டு என்னட்டத் திரும்பி வந்தால் தூரம் தெரியும். நான் இஞ்சால, அங்கால எண்டு கை காட்ட, அவர் சரியான இடத்தில கட்டை அடிப்பார். அந்தக் கட்டையளை நம்பித்தான் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுறது.

எனக்குக் கம்பு பிடிக்கிறவர் மன்னார் அண்ணை ஒருத்தர், வயசு அறுபது தாண்டிட்டுது. ஒன்பது வருசமா ஒரே வான் வண்டியிலதான் ரெண்டு பேரும் வேலைக்குப் போறம். அவர் வாய் திறக்கிறதே குறைவு. நான் அப்பிடியில்லை. சிக்னல் பச்சையாகி அரைச் செக்கன் பிந்தினாலும் முன்னால நிக்கிற காருக்கு என்னட்டப் பேச்சு விழும்.

போன மாசம் ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில புதுசாக் கட்டுற வீடுகளுக்குக் கட்டை அடிக்கப் போனம். குளிர் எண்டால் அப்பிடி ஒரு கோதாரிக் குளிர். அங்க நிலத்தில, கருவி வைக்க அடையாளமா அடிச்ச ஆணி பக்கத்துப் பக்கத்தில ரெண்டு. ஒண்டு புல்டோசர் தட்டி அசைஞ்ச பழசு. மற்றது ஒரு முழம் தள்ளி, திருப்பி அளந்து அடிச்ச புதுசு. கருவியைப் புதுசுக்கு மேல வைக்கவேணும். பிறகு தூரத்தில இருக்கிற இன்னொரு ஆணிக்கு லேசர் அடிச்சு, நாங்கள் நிக்கிற இடம் சரியோ எண்டு பாக்கவேணும். ரெண்டு நிமிச வேலை. விரல் விறைச்சுப்போச்சு, நான் பாக்கேல்லை.

ரெண்டு கிழமையால முதலாளி கூப்பிட்டார். நாலு வீட்டு அத்திவாரக் கிடங்கும் ஒரு முழம் விலத்தி வெட்டியிருக்காம். மனுசன் கத்தின கத்தில என்ர வாய் தன்ர பாட்டில சொல்லிச்சுது: "நான் சரியாத்தான் காட்டினனான். அண்ணைக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை. கட்டையைத் தள்ளி அடிச்சிட்டார் போல." நாலு வீடும் ஒரே பக்கமா, ஒரே அளவு விலகினால் அது கம்பு பிடிச்சவரின்ர பிழையாயிருக்காது, கருவி நிண்ட இடத்தின்ர பிழை. உது எனக்கு வடிவாத் தெரியும். முதலாளிக்கு யோசிக்க நேரமில்லை. திங்கட்கிழமையோட அண்ணையை வேலையால நிப்பாட்டப்போறன் எண்டார். நான் அப்பிடியே வீட்டை போயிட்டன்.

சனிக்கிழமை மத்தியானம் மனிசி என்னை லைப்ரரிக்கு இழுத்துக்கொண்டு போனா. "வீட்டில இருந்து எல்லாரிலயும் எரிஞ்சு விழாமல் வாங்கோ." அங்க இளைப்பாறின விஞ்ஞான ரீச்சர் ஒருத்தர் நிலவைப் பற்றிப் பேசினா. நிலவில முதல் இறங்கின ஆக்கள் ஒரு தட்டை அந்தத் தூசிக்குள்ள வைச்சிட்டு வந்தவையாம். தட்டு முழுக்கப் பிரிசம். எந்தப் பக்கத்தால வெளிச்சம் வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புமாம். கடவுளே, எங்கட கம்பில இருக்கிற அதே சாமான்! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.

இஞ்சயிருந்து லேசர் அடிச்சால் ரெண்டரைச் செக்கனில போய்த் திரும்பி வருமாம். அங்க போய்ச் சேரேக்க ஒரு ஊரளவுக்கு விரிஞ்சு, அந்தத் தட்டில படுறதே கொஞ்சம். அதில திரும்பி வாறது ஒரு பொட்டு, கண்ணுக்கே தெரியாது. அந்தப் பொட்டைப் பிடிக்கத்தான் மனுசர் மலை உச்சியில தொலைநோக்கியோட காத்துக்கொண்டு இருந்தவையாம். ரீச்சர் ஒரு பிரிசத்தைக் கை மாத்திப் பாக்கத் தந்தா. நான் நாளும் துடைக்கிற சாமான், ஒரு நாளும் உள்ளுக்கப் பாத்ததில்லை. எந்தப் பக்கம் சரிச்சாலும் நடுவில என்ர கண்தான் நிண்டது.

முதல் முதல் அடிக்கேக்க நாள்கணக்கா ஒரு பொட்டும் திரும்பி வரேல்லையாம். நான் மனிசியின்ர காதுக்குள்ள சொன்னன்: "கண்ணாடி சரிஞ்சிருக்கும். வைச்சவன் ஒழுங்கா வைச்சிருக்கமாட்டான்."

ரீச்சர் சொன்னா, கண்ணாடி வைச்ச மாதிரியே இருந்ததாம். ஒரு இடத்தில, தொலைநோக்கி நிக்கிற இடத்தைத்தான் கணக்கில பிழையாப் போட்டிருந்தவையாம். நிலவு எங்க எண்டு தெரியும், தாங்கள் பூமியில எங்க நிக்கிறம் எண்டதில பிழை. அதைத் திருத்தின பிறகு வெளிச்சம் வந்ததாம். சனம் சிரிச்சுது. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், அவ்வளவு தூரம் போன வெளிச்சம் திரும்பி வந்திட்டுதே எண்ட பிரமிப்பு ஒரு பக்கம். இருக்கேலாமல் எழும்பி வெளியால வந்தன்.

கார் பார்க்குக்கு மேல பட்டப்பகலில வெள்ளையா நிலவு. அந்தத் தட்டு இப்பவும் அங்கதான் கிடக்கு, இப்பவும் ஆரோ அடிக்கினம், இப்பவும் திருப்பி அனுப்புது. நான் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு முதலாளிக்குப் போன் அடிச்சன். "பிழை என்ர. பழைய ஆணியில நிண்டிட்டன், சரிபாக்கவும் இல்லை." "அண்ணை திங்கள் வேலைக்கு வரட்டும். நீர் காலமை வந்து என்னைப் பாரும்" எண்டிட்டு வைச்சார்.

அதே உடுப்போட வோபர்ன்ல அண்ணையின்ர அப்பார்ட்மெண்டுக்குப் போனன். கதவைத் திறந்தவரிட்ட நிண்ட நிலையிலேயே எல்லாத்தையும் கொட்டினன். "என்னை மன்னியுங்கோ அண்ணை. அண்டைக்கு நான் தூரத்து ஆணிக்கு லேசர் அடிச்சுப் பாத்திருக்கவேணும்."

அவர் எனக்குக் கதிரையைக் காட்டினார்.

"நான் அந்த ஆணியில கம்பை வைச்சுக்கொண்டு நிண்டனான், தம்பி. இஞ்ச ஒருக்கா அடியும் எண்டு கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டனான். குளிருக்க என்ன விளையாட்டு, இஞ்சால வாங்கோ எண்டு கத்தினீர்."

அவரைப் பாத்துக் கத்தினது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை.