தெரியாதவர்களுக்கு இரண்டு கை

எங்கள் வகுப்பில் ஒரு கேள்விக்கு மூன்று விதமாகக் கை தூக்கலாம். நடக்கும் என்று நினைத்தால் வலது கை. நடக்காது என்று நினைத்தால் இடது கை. தெரியவில்லை, செய்துதான் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு கையும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. நான் ஏழாவது படித்தபோது அவள்தான் எங்களுக்கு அறிவியல் டீச்சர்.

குன்றத்தூரில் தாத்தா வீட்டிலிருந்து தினமும் பஸ் மாறி வருவது கஷ்டம் என்று எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. காலையில் இருவரும் சேர்ந்தே பள்ளிக்கு நடப்போம். பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் அவள் சித்தி, கேட்டைத் தாண்டினால் டீச்சர். இதில் எனக்கு அடிக்கடி குழப்பம் வரும். ஒருநாள் சாப்பிடும்போது "டீச்சர், ரசம்" என்று கேட்டுவிட்டேன். அப்பா வருஷம் முழுக்க அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்.

சித்தி அரசாங்கச் சம்பளம் வாங்கும் டீச்சர் இல்லை. பள்ளியில் ஆள் போதாது என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் செலவில் வைத்துக்கொண்ட டீச்சர். சம்பளத்தை வெளியில் சொல்லவே அம்மா கூச்சப்படுவாள். கழகம் என்றால் ஏதோ பெரிய சபை என்று நினைத்துவிட வேண்டாம். மளிகைக்கடைக்காரர், பால் சொசைட்டிக்காரர், கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுப் புது பைக்கில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்று எல்லோரும் என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்கள்தான். வருஷா வருஷம் அவர்கள் கூடி, இந்த டீச்சரே இருக்கட்டும் என்று சொன்னால்தான் சித்திக்கு அடுத்த வருஷம் வேலை.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மிக்சர் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"பி.எஸ்சி., பி.எட்.னு படிச்சிட்டு இன்னாத்துக்கு இங்க லோல் படற? செல்போன் கம்பெனில லேடீஸத்தான் எடுக்கிறாங்க. வூட்டு வாசல்ல பஸ் வந்து நிக்கும். ஏசில உக்காந்துகினு வேலை."

"இந்த வருஷம் போவட்டும்ணா" என்பாள் சித்தி.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைதான் தப்பிப்பது? கடைசியில் வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். அடுத்த வருஷமும் பள்ளியில் வைத்துக்கொண்டால் சித்தி டீச்சராகவே இருக்கலாம். இல்லையென்றால் மறுபேச்சுப் பேசாமல் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். சித்தி சரி என்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் யாரும் அவளை அங்கே பார்த்ததில்லை.

அவள் பாடம் எடுக்கும் விதமே வேறு. ஒருநாள் சோடாக் கடையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கிவந்து தண்ணீர் இருந்த எவர்சில்வர் டம்ளரில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் வெளியே கசிகிறதா என்று கேட்டாள். பாதிப் பேருக்கு மேல் வலது கை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஓட்டை டம்ளர் டீச்சர், மாத்திட்டு வாங்க" என்றான். அவள் சிரித்துக்கொண்டே டம்ளருக்குள் நீல மையை ஊற்றினாள். வெளியே துடைக்கத் துடைக்க வந்த நீரில் நீலமே இல்லை. அப்படியென்றால் அது எங்கிருந்துதான் வருகிறது? அதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வரைக்கும் யோசியுங்கள் என்று சொல்லிவிட்டாள். சாயந்திரம் துணி துவைத்துக்கொண்டிருந்தவளைப் போய் நச்சரித்தேன். "வூட்ல நான் டீச்சர் இல்ல, போ" என்று முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள்.

இன்னொரு நாள் எங்களை வரிசையாகத் தார்ரோட்டு ஓரத்துக்கு அழைத்துப்போய், சரக்கு ஏற்றிய லாரியின் டயரையும் காலி லாரியின் டயரையும் பார்க்கச் சொன்னாள். லாரிக்காரர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

எதுவாக இருந்தாலும் முதலில் கை தூக்கியாக வேண்டும், பிறகுதான் சோதனை. இரண்டு கையையும் தூக்கியவர்களைத்தான் முன்னால் கூப்பிட்டுச் செய்யச் சொல்வாள். அதனால் தெரியாமல் இருப்பதற்கு எங்களுக்குள் போட்டியே நடந்தது. அப்பாவிடம் சொன்னபோது, "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு இஸ்கூலா?" என்றார்.

அந்த வருஷக் கடைசியில் பள்ளியைப் பார்வையிட ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தது. தலைமை ஆசிரியருக்குக் கை கால் ஓடவில்லை. தமிழாசிரியராக இருந்து தலைமை ஆசிரியர் ஆனவர், நல்ல மனிதர், மேலதிகாரி என்ற சொல்லுக்கே வியர்ப்பவர். அவர் சித்தியிடம், "ஆபீசர் வாயால நல்ல டீச்சர்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதும்மா. கழகத்துல ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க" என்றார். பிறகு எங்கள் வகுப்புக்கு வந்து, பார்வையிடும் நாளுக்கென்று எல்லாப் பள்ளியிலும் வழக்கமாகச் சொல்லும் ரகசியத்தைச் சொன்னார்.

"ஆபீசர் கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை. தெரியாதவன் இடது கை. டீச்சர் வலது கையாப் பாத்து எழுப்புவாங்க. ஒருத்தன் கையும் கீழ இருக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

புரிந்தது என்று கத்தினோம். சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

ஆபீசர் வந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. பயமுறுத்துகிற ஆளாகத் தெரியவில்லை. மிதப்பதும் மூழ்குவதும்தான் அன்றைய பாடம். வெள்ளை பெயின்ட் வாளியில் முக்கால்வாசி தண்ணீர். கம்பெனி மதில் ஓரத்தில் பொறுக்கிய போல்ட்டுகள் ஒரு கை நிறைய. வாளிக்குள் போட்ட போல்ட் மூழ்கியது. எல்லாப் போல்ட்டுகளையும் டிபன் டப்பாவில் வைத்து விட்டபோது டப்பா மிதந்தது. ஒத்திகை பார்த்தபடியே கேள்வி, ஒத்திகை பார்த்தபடியே வலது கைகள். தலைமை ஆசிரியர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

அப்போதுதான் ஆபீசர் வாளிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இந்த டப்பாவில இருக்கிற போல்ட்டையெல்லாம் எடுத்து அப்படியே இந்தத் தண்ணியில போட்டுட்டா, வாளியில தண்ணி மட்டம் ஏறுமா, இறங்குமா?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. உண்மையிலேயே சுவாரசியமான கேள்வி. எங்களுக்குத் தலைமை ஆசிரியரின் சட்டம் சுத்தமாக மறந்துபோனது. ஒரு நொடியில் வகுப்பில் பாதிக்கு மேல் இரண்டு கையும் மேலே போனது. நானும்தான் தூக்கினேன்.

"என்னங்கம்மா இது? போலீசப் பாத்த மாதிரி ரெண்டு கையையும் தூக்கறாங்க?" என்றார் ஆபீசர்.

முதல் பெஞ்சில் இருந்த மளிகைக்கடைக்காரர் மகள் எழுந்து, "தெரியலைன்னா ரெண்டு கை சார். செஞ்சி பாக்கணும் சார்" என்று பெருமையாக விளக்கினாள்.

ஆபீசர் தலைமை ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார். அவர் இல்லாத கைக்குட்டையைக் கையில் தேடிக்கொண்டே, "அதெல்லாம் சயின்ஸ் டீச்சர் சொல்லுவாங்க சார்" என்றார். எல்லோரும் சித்தியைப் பார்த்தோம். ஏறும் என்றோ இறங்கும் என்றோ அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம், அது சரியாக இருக்கப் பாதி வாய்ப்பு இருந்தது. சித்தி கொஞ்ச நேரம் வாளியையே பார்த்தாள். பிறகு சாக்பீஸ் தூள் ஒட்டிய இரண்டு கையையும் மெல்லத் தூக்கினாள்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

"பாத்துடலாம் சார்" என்றாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வெள்ளை வாளியில் தண்ணீர் நிழலாகத் தெரிந்த மட்டத்தில் வெளிப்பக்கமாக ஒட்டினாள். டப்பா கவிழாமல் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள். வகுப்பே பெஞ்சை விட்டு எழுந்து வாளியைச் சுற்றி நின்றுவிட்டது, ஆபீசரும் எங்களுக்கு நடுவில் நின்றார். கடைசிப் போல்ட்டும் போய்க் காலி டப்பா மட்டும் மிதந்தது. தண்ணீர் அசைவது நின்றபோது மட்டம் பொட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"இறங்கிடிச்சி!" என்று வகுப்பு அலறியது. ஏன் இறங்கியது என்று உடனே ஒரே சண்டை. ஆபீசர் தானும் ஏதோ சொல்ல வந்து, பிள்ளைகளின் சத்தத்தில் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். போகும்போது "நல்லா இருந்திச்சிம்மா" என்று சித்தியிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தேன். வேலை உறுதி என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அன்று சாயந்திரம் ஊரில் எங்கள் வகுப்புப் பிள்ளை இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இதே பேச்சுதான். ஆபீசர் கேட்ட கேள்விக்கு எங்கள் டீச்சரும் இரண்டு கையைத் தூக்கினார்கள் என்று ஆளாளுக்குப் பெருமையாகச் சொன்னார்கள். குழாயடியில் சொன்னார்கள், பால் ஊற்றும் இடத்தில் சொன்னார்கள், மளிகைக்கடையில் முதலாளியின் மகளே சொன்னாள். நானும் அப்பாவிடம் கையைத் தூக்கி நடித்துக் காட்டினேன். அப்பா ஏனோ இந்தமுறை கிண்டல் செய்யவில்லை.

லீவு விடுவதற்கு முன்னால் தலைமை ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீசர் ஒண்ணும் தப்பாச் சொல்லலைம்மா. நல்லாத்தான் சொன்னார். ஆனா கழகத்துல கேக்கறாங்க, டீச்சருக்கே தெரியலைன்னா நம்ம பசங்களுக்கு இன்னா தெரியப் போவுதுன்னு. நான் எவ்ளோ சொல்லியும் பாத்துட்டேன்."

சித்தி, "பரவாயில்ல சார். காபி ஆறிடப் போவுது" என்றாள்.

எனக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. சித்திக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் அம்மா சொன்னாள். மாமா சொன்னபடியே வாசலில் பஸ் வந்து நின்றது. சித்தி நீலக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் படம் போட்ட அட்டையோடு ஏறினாள். முதல் மாதம் எனக்குப் புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தந்தாள். எனக்கும் வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. புதிதாக வந்த டீச்சர் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட, நாங்கள் பார்த்து எழுதினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை காய வைத்துக்கொண்டிருந்த சித்தியிடம், கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டேன்.

"போன் ஒண்ணொண்ணா வரும். அமுக்கிப் பாக்கணும். லைட் எரிஞ்சா இந்தப் பக்கம், எரியலைன்னா அந்தப் பக்கம்."

"எரியலைன்னா ஏன் எரியலைன்னு பாப்பியா?"

"அதெல்லாம் பாக்கக் கூடாது. நான் ஏன்னு கேட்டுக்கினு நின்னா அவ்ளோதான், பின்னாடி லைன் மொத்தமும் நின்னுடும். சூப்பர்வைசர் ஓடி வந்துடுவார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்கோ பிரமிப்புத் தாங்கவில்லை. மறுநாள் வகுப்பில் போய், எங்கள் சித்தி ஏன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவ்வளவு பெரிய கம்பெனியே நின்றுவிடும் என்று சொன்னேன். மொத்த வகுப்பும் வாயைப் பிளந்தது. மளிகைக்கடைக்காரர் மகள்தான், இதுவரைக்கும் எத்தனை தடவை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேட்டாள். ஒரு தடவைகூட இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி ஏன் ஒருநாள்கூட அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.