ரிக் வண்டிக்குப் பூக் கேட்டோம்

எங்க ஊட்டுக்காரருக்குத் திடீர்னு ரிக் வண்டி ஆசை வந்துருச்சு. போர் போடற அந்த வண்டிய எங்க பக்கம் ஒருத்தர் வாங்கினாப் போதும், நாமளும் வாங்கணும்னு ஊருக்கே தூக்கம் போயிரும். வாங்கறதுகூடப் பெருசில்லைங்க, அதை எடுத்துக்கிட்டுத் தொழிலுக்கு வடக்கே கெளம்பணும். மத்தியப் பிரதேசம் பக்கம் போனா, தீபாவளிக்கு வந்தா உண்டு, இல்லாட்டி இல்ல. எங்க பொண்ணு அப்ப யு.கே.ஜி. இவரு போயிட்டா நானும் அவளும் மாமியாரும், கொட்டாய் நெறையக் கோழியும்தான்.

இதப் பத்தி இவரு யாரத்தான் கேக்கல? ராசிபுரத்துச் சித்தப்பாவைக் கேட்டாரு. ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டுப் பரமத்தி வேலூர் வரைக்கும் போனாரு. முட்டை ஏத்த வந்த லாரி டிரைவரைக்கூட விடல. பொண்டாட்டியை மட்டும் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "என்ன, வாங்கிரலாமா?"ன்னு ஒரு கேள்வி. "உங்க இஷ்டம்"னேன். எந்தப் பொம்பளை அந்த வார்த்தைய இஷ்டப்பட்டுச் சொல்லியிருக்கா? இவரு அதையும் சம்மதத்துல சேத்துக்கிட்டாரு.

கடைசியா மாமியார், "அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாம் சாமி"ன்னாங்க. வெள்ளைப் பூவ ஒரு பொட்டலம், செவப்புப் பூவ ஒரு பொட்டலம் பேப்பர்ல கட்டி அம்மன் முன்னால போடுவாங்க. ஒரு கொழந்தை அதுல ஒண்ணை எடுக்கும். வெள்ளை வந்தா உத்தரவு கெடைச்ச மாதிரி, செவப்பு வந்தா காரியத்தைக் கைவிட்ரணும்.

எங்க பொண்ணு எடுத்தா. செவப்பு.

இவரு மூஞ்சியப் பாக்கணுமே! பொட்டலத்தைச் சரியாக் குலுக்கலைன்னு மறுபடியும் போடச் சொன்னாரு. அதுவும் செவப்பு. "இந்த அம்மனுக்கு எஞ்சின் வண்டியெல்லாம் ஆவாது, நம்ம கொலசாமியக் கேப்போம்"னு மாமியார் சமாளிச்சாங்க. ஏன், அம்மனுக்கு லைசென்ஸ் இல்லையாக்கும்! அடுத்த வெள்ளிக்கெழமை கொலசாமி கோயில். அங்கயும் செவப்பு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. இவரு விடுவாரா? "பேப்பர் வேண்டாம் பூசாரி, வாழையெலையில கட்டுங்க"ன்னாரு. புடிச்ச பதில் வர்ற வரைக்கும் நச்சரிக்கறதுக்குப் பேரு உத்தரவு கேக்கறதாமா?

பூசாரியும் வாழையெலையில இறுக்கிக் கட்டிப் போட்டாரு. பொண்ணு குனிஞ்சா. ஒண்ணத் தொட்டா, விட்டா. இன்னொண்ண எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்பறம் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டா.

"இதுல செவப்புத் தெரியலையே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அத்தனை தடவையும் மெல்லிசுப் பேப்பர் வழியாப் பாத்துப் பாத்துத்தான் எடுத்திருக்கா.

"எதுக்கு சாமி செவப்பு?"ன்னு இவரு புள்ளைகிட்டக் குனிஞ்சு கேட்டாரு.

"செவப்பு வந்தா நீங்க போவ மாட்டீங்கல்ல?"

பூசாரி மணியை எடுத்து எதுக்கோ தொடைச்சாரு. மாமியார் தூணைப் பாத்தாங்க. இவரு புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் முதுகத் தடவிக்கிட்டே நின்னாரு. அப்பறம் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு"ன்னாரு.

"போவாதீங்க"ன்னேன். மாமியார் முன்னால, பூசாரி முன்னால, வரிசையில நின்ன சனம் பூராவும் கேக்கறாப்பல. கல்யாணம் ஆனதுலருந்து எனக்கு இதுதான் வேணும்னு அவருகிட்ட நான் வாய் தொறந்து கேட்டது அன்னைக்குத்தான்.