சின்னம்மாவுக்கு உயர்த்திய சைக்கிள்

அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில், அவளிடம் நான் கண்டுபிடித்த குறைகளைப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். சாப்பிடும்போது சத்தம் வருகிறது. ரேடியோவில் பாட்டு வந்தால் கூடவே பாடுகிறாள், வரி தெரியாத இடத்தில் ‘ம்ம்’ போட்டு நிரப்புகிறாள். ரசத்தில் சீனி போடுகிறாள். எனக்குத் தலை பின்னும்போது கண் மேலே ஏறும்படி இறுக்குகிறாள். ஒன்பது வயதுக்கு அது மோசமில்லாத பட்டியல். ஆனால் என் உண்மையான வழக்கு அதில் இல்லை. அதை எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வழக்கு இதுதான்: அப்பாவுக்கு அவளைப் பிடித்திருந்தது.

அம்மா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பினாங்குத் தீவுக்குப் பாலம் வராத காலம். டத்தோ கெராமட் சாலையிலிருந்து பிரியும் சந்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். முன்கூடத்துச் சுவரில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். கறுப்பு அப்பாவுடையது. பச்சை அம்மாவுடையது. பச்சையை யாரும் ஓட்டுவதில்லை. ஆனாலும் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்ததும், அப்பா இரண்டையும் துடைத்து எண்ணெய் விடுவார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அவர் பார்க்காமலே கையை நீட்டுவார். எந்த அளவு வேண்டுமென்று எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டிருந்தது. சனிக்கிழமைகளில் மட்டும் நாங்கள் நிறையப் பேசிக்கொண்ட மாதிரி இருக்கும், ஒரு வார்த்தையும் பேசாமல்.

சின்னம்மா கடலுக்கு அக்கரையில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ்காரி. வயல்வரப்பில் சைக்கிள் ஓட்டிப் பழகியவள். எங்கள் வீட்டில் அவள் ஐந்தாறு மாதம் மீன், காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தே போனாள். ஒருநாள் அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அந்தப் பச்ச சைக்கிள் சும்மாதானே நிக்குது. நான் எடுத்துட்டுப் போகட்டுமா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “எடுத்துக்கோ” என்றார். அந்தக் கொஞ்ச நேரத் தாமதம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் ஓட்டியதும் முதுகு வலிக்கிறது என்றாள். அவள் நெட்டை, சைக்கிளோ அம்மாவின் அளவுக்கு வைத்தது. அந்தச் சனிக்கிழமை அப்பா பச்சை சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

“உக்காரு. தூணப் புடிச்சுக்கோ. இப்ப கைய ஹேண்டில்ல வை.”

“எட்டுது. ஆனா குனியணும் லா.”

“குனியவே கூடாது. எறங்கு.”

சீட்டுக்குக் கீழே இருந்த நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சீட்டை இடவலமாகத் திருகி மேலே இழுத்தார். பிறகு ஹேண்டிலின் தலையில் இருந்த ஆணியைத் தளர்த்தி, ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஹேண்டில் விட்டுக்கொடுத்தது. அதையும் உயர்த்தி, கைப்பிடிகள் அவள் பக்கம் வரும்படி பின்னால் சாய்த்தார். மறுபடி உட்காரச் சொன்னார். மறுபடி இறங்கச் சொன்னார். நாலைந்து தடவை இப்படி. முழங்கை விறைப்பாக இருக்கக் கூடாது, தளர்ந்து மடங்கி இருக்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய முழங்கையைத் தொட்டுக் காட்டினார். சந்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று உடனே ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

அன்று அவர் என் பக்கம் கையை நீட்டவே இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சின்னம்மாவே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். தப்பான ஸ்பேனர். அப்பா அதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வருடமாக ஒருமுறைகூடத் தப்பான ஸ்பேனரைக் கொடுக்காதவள் நான். அதனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.

சின்னம்மா சந்தின் கோடிவரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். முதுகு நேராக, தலை நிமிர்ந்து, இரண்டு கையும் இலேசாக ஹேண்டிலில் கிடக்க வந்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

“நாக்காலியில உக்காந்து போற மாதிரி இருக்கு!”

அவர்கள் உள்ளே போன பிறகு நான் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டின் கம்பியைப் பார்த்தேன். இத்தனை வருடம் வெளியே இருந்த பகுதி மங்கிப் பழுப்பேறியிருந்தது. குழாய்க்குள் இருந்து இன்று வெளியே வந்த நாலு விரல் அளவு புதிதாகப் பளபளத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அம்மா உட்கார்ந்த உயரம் அது. அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

திங்கட்கிழமை காலையில் அப்பா குளிக்கப் போனார். சின்னம்மா பின்பக்கம் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மத்தியானப் பள்ளி என்பதால் நான் தூங்குவதாக இருவரும் நினைத்திருப்பார்கள். முன்கூடத்தில் நான் ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் மேல் காலை வைத்து ஏறி நின்றேன். நட்டு இளகியது. சீட்டைத் திருகித் திருகி, அந்தக் கோடு குழாயின் வாயில் மறையும்வரை இறக்கினேன். ஹேண்டிலுக்குக் கட்டையின் மேல் துணியைச் சுற்றித் தட்டினேன். அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பா வேலைக்குப் போன பிறகு சின்னம்மா கூடையோடு முன்கூடத்துக்கு வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். சீட்டின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போய், முழங்கால் ஹேண்டிலில் இடிக்க இடிக்கக் கூனிக்கொண்டு ஓட்டிப் போனாள். கவனிக்கக்கூடத் தெரியாத மண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்த அப்பாவும் அதைப் பார்த்தார். கறுப்பு சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பச்சையைப் பார்த்தபடி நின்றார். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மறுபடி பேசாமல் உயர்த்தி வைத்தார். திங்கட்கிழமை நான் மறுபடி கோட்டுக்கு இறக்கினேன். அடுத்த சனிக்கிழமை அப்பா சைக்கிள்களைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், ஆனால் பச்சையின் நட்டில் கை வைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று புரிந்தது.

அன்று சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே சின்னம்மாவிடம் கேட்டார்.

“சைக்கிள் ஒனக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கு?”

“ஒங்களுக்கு எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்கட்டும்.”

“எனக்கென்ன? ஓட்டுறது நீதானே.”

“ஓட்டுறது நான்தான். சைக்கிள் என்னோடதா?”

அப்பாவின் கை சோற்றில் நின்றுபோனது. நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு ரசத்தில் சீனி இல்லை. ரேடியோவில் பாட்டு வந்தபோது அவள் கூடப் பாடவும் இல்லை. வீடு பழையபடி ஆகிவருகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பாசாரிலிருந்து திரும்பிய சின்னம்மா எங்கள் சந்துக்குள் வளைக்கும்போது, முழங்கால் ஹேண்டிலில் மாட்டி விழுந்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கெம்போங் மீன்கள் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. மணிக்கட்டு வீங்கிவிட்டது. எதிர்வீட்டுச் சீன அம்மாள் ஓடிவந்து தூக்கிவிட்டாள். என் கால் மட்டும் நகரவில்லை. சின்னம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “மீனப் பொறுக்கு பாப்பா, பூனை வந்துரும்” என்றாள். பொறுக்கினேன்.

அப்பா வந்ததும், கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பதறினார். “நான்தான் ஒயத்தி வச்சேனே, நீ ஏன்…” என்று தொடங்கினார். சின்னம்மா முடிக்க விடவில்லை.

“வேணாங்க. யாரோட சைக்கிளோ அவங்க பேர்லயே இருக்கட்டும். எனக்கு நடக்கத் தெரியும்.”

மறுநாள் அவளுடைய அண்ணன் வந்தார். கை ஆறும்வரை கெப்பாலா பத்தாஸில் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். கை ஆற எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பா எனக்கே எனக்கு என்று ஆனார். முதல் இரண்டு நாள் அது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவர் ரேடியோவைக்கூடத் திறப்பதில்லை என்பதைக் கவனித்தேன். காலையில் அவர் பின்னிவிடும் சடை மத்தியானம் பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடும். சனிக்கிழமை அவர் ஸ்பேனர் பெட்டியைத் திறக்கவே இல்லை. நானாகப் பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். “இன்னிக்கு வேணாம் பாப்பா” என்றார். சின்னம்மா இல்லாத வீட்டிலும் அப்பா அவளோடுதான் இருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, “கெளம்பு, கெப்பாலா பத்தாஸ் போயிட்டு வரலாம்” என்றார்.

ஃபெரியின் மேல்தட்டில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெரிய ஆளிடம் யோசனை கேட்பதுபோல என்னிடம் சொன்னார்.

“அம்மா சைக்கிள ஓட்ட ஒன் சின்னம்மாவுக்கு மனசு வரல போல. நான் ஒயத்தி வச்சா எறக்கி எறக்கி வச்சிடுறா. அது அப்படியே நிக்கட்டும். இவளுக்குப் புதுசா ஒன்னு வாங்கிடலாமா?”

புது சைக்கிள்! அவளுக்கு! பளபளவென்று முன்கூடத்தில், அம்மாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில்! குற்ற உணர்ச்சியால் உண்மையைச் சொன்னேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது பொய்.

“வாங்க வேணாம்! அவங்க எறக்கல. நான்தான் எறக்குனேன்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எத்தன தடவ?” என்றார். “ரெண்டு.” “ரெண்டு தடவையும் நீயா?” “ம்.” அவர் சிரித்தாரா, வேறென்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அக்கரையில் பட்டர்வொர்த் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவர் அப்படி ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சின்னம்மா அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே இறுகிக்கொண்டது. அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

“நீயே சொல்லு.”

சொன்னேன். எல்லாவற்றையும், ஸ்பேனர் மேல் ஏறி நின்றதுவரை சொன்னேன். திட்டுவாள், அண்ணனைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

“அப்ப நீங்க இல்லையா?”

“நானா? நான் எதுக்கு எறக்குறேன்?”

“தெனமும் காலையில நீங்கதானே முன்கூடத்துல இருந்தீங்க. நான் நீங்கதான்னு… மனசு கேக்காம மறுபடியும் அவங்க அளவுக்கே வச்சிட்டீங்கன்னு…”

“நான் நீன்னுல்ல நெனச்சேன்!”

ஈரச் சேலை அவள் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, நல்ல கையால் என் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. அதே கையால் அவிழ்ந்து தொங்கிய என் சடையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது என்ன லா, எலி வால் மாதிரி” என்று சொல்லிச் சீப்பு எடுக்க உள்ளே போனாள். தப்புச் செய்தவள் நான். விழுந்து கையை உடைத்துக்கொள்ளப் பார்த்தவள் அவள். இதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. இறுக்கிப் பின்னிய சடையோடு நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டாள்.

திரும்பும் ஃபெரியில் அப்பா கச்சான் கடலை வாங்கப் போனார். நானும் சின்னம்மாவும் கம்பி ஓரம் நின்றோம். காற்று பலமாக அடித்தது. அவள் கேட்டாள்.

“ரெண்டு தடவையும் கோட்டுக்குச் சரியா எப்படி நிறுத்துன?”

“அது அம்மாவோட அளவு.”

தலையை ஆட்டினாள். “ஒங்கம்மா எவ்வளவு ஒயரம்? காட்டு” என்றாள்.

நான் அவளுக்கு நேராக நின்று, எம்பி, கையை அவளுடைய மோவாய்க்குக் கீழே வைத்தேன். “இவ்வளவு.”

அவள் என் கையை விலக்கவில்லை. அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள், மெதுவாக.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் அம்மாவைக் குட்டை என்கிறாள்! கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். குட்டியதைக்கூட மன்னித்தேன், அந்த ஒரு சொல்லுக்காக அவளை வெகுநாள் மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தில் அம்மா கழுத்துவரைதான் இருந்தாள். வந்த நாளிலிருந்து அம்மாவைப் பற்றிச் சின்னம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை; அம்மா எவ்வளவு பெரிய ஆள் என்பதை அவள் தானாகவே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா கம்பியில் சாய்ந்து, தன் கையைத் தானே மோவாய்க்குக் கீழே வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் நின்றதில் அவளுக்குக் கழுத்து வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.