சாம்பிள் போய் வருஷமாகிறது

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். எங்கள் ஏலத்தில் சாம்பிளைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்த கையோடு விலை கேட்போம். பொழுது சாய்வதற்குள் சரக்கு கைமாறிவிடும். அந்தப் புத்தியோடுதான் நாங்கள் சில வியாபாரிகள், வண்டி பிரேக்குக்குப் புதுவகைக் கார்பன் பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினோம். வாகனத் தொழிற்சாலைக்குச் சாம்பிள் அனுப்பிவிட்டதாக அந்தக் கம்பெனி அறிவித்திருந்தது. பிறகு வருஷங்கள் ஓடின, விற்பனைதான் தொடங்கவில்லை.

போன மாதம் இன்னொரு அறிவிப்பு வந்தது. கடும் சூட்டில் பொருள் விரிசல் விட்டதாம், சோதனையை முதலிலிருந்து தொடங்குகிறார்களாம். டீக்கடையில் ஒரே சண்டை.

"ஒரு சாம்பிளப் பாக்க இம்புட்டு வருஷமா? நம்மள நல்லா ஏமாத்துறாக," என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"நாளைக்கே வித்துத் தொலைக்கிறேன் பாருங்க," என்று நானும் கத்தினேன்.

மறுநாள் சரக்கு பார்த்துவிட்டுப் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் பிரேக் கருகும் வாடை வந்தது. சூடு ஆறட்டும் என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். என் பக்கம் கிடுகிடு பள்ளம். விரிசல் விட்ட அந்தப் பொருள் இந்தச் சக்கரத்தில் இருந்திருந்தால்? நல்லவேளை, அது சோதனைக்கூடத்திலேயே விரிசல் விட்டது. இத்தனை வருஷ எரிச்சல் அங்கேயே இறங்கிப் போனது.

ஊருக்குள் வந்ததும் கடைக்காரர் கேட்டார்: "என்ன, வித்துட்டீகளா?"

"இல்லண்ணே. இன்னும் நல்லாச் சூடு பண்ணிப் பாக்கட்டும்."